தவிட்டுத் தண்ணீர்

பாளையங்கோட்டை,
1913 பிப்ரவரி 2, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சாரம்மாள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் மாமியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்து இன்றைக்கு நாற்பத்துநாலு நாள். கிரேஸ் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. பெயர் நன்றாயிருக்கிறது, இல்லை என்று உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கடல் தாண்டித் தைப்பிங் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸராகப் போனவர்களுக்குத் தங்கைகள் மறந்துபோகும் போலிருக்கிறது.

இவர் அம்பாசமுத்திரத்துக்குப் போயிருக்கிறார். பிசான நெல் அறுப்பு. அங்கேயே தங்கி நெல் வாங்கி வண்டியேற்றி அனுப்புகிறார். ஈஸ்டருக்குத்தான் வருவார். எங்கள் அரிசி மில் மட்டும் ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு எஞ்சின் இருமத் தொடங்கினால் என் அறைச் சுவர் நடுங்கும். மில் வைத்த வருஷம் நீங்கள் எழுதிய கடிதத்தை இவர் அட்டையில் ஒட்டிக் கடையில் மாட்டியிருக்கிறார். 'இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசிதான் சுத்தம், புழுங்கல் ஊறுகிற தொட்டித் தண்ணீரில் கிருமி, நாற்றம், இங்கே படித்தவர்கள் வெள்ளை அரிசிதான் சாப்பிடுகிறார்கள்' என்று எழுதினீர்களே, அது. வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார்.

என் மூத்த பிள்ளை ஆசீர்வாதத்தை நினைக்கக் கூடாது என்று மாமி சொல்லியிருக்கிறார்கள். நினைக்காமல் எழுதுகிறேன். அவனுக்கு மூன்றாம் மாதத்தில் வந்தது. முதலில் குரல் கம்மியது, பிறகு போயே போயிற்று. ஒரு காலை பால் குடித்துக்கொண்டிருந்தவன் நீலம் பாரித்து என் மடியிலேயே அடங்கினான். நான் ஏதோ ஆகாததைத் தின்றதால்தான் என்று மாமி முடிவு செய்தார்கள். அதனால் இந்தத் தடவை பத்தியம் இரட்டிப்பு. கீரை இல்லை, பருப்பு இல்லை, மீன் முட்டை இல்லை. மில்லின் முதல்தர அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்து, மிளகு ரசம். தொண்ணூறு நாளும் அதுதான். அறையை விட்டு வெளியே வரவும் கூடாது. மாமி தன் கையால் பிசைந்து தருகிறார்கள். அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மில்லில் அரிசி புடைக்கிற கோமுவுக்கும் ஒரு பெண்பிள்ளை, என் பிள்ளைக்கு ஒரு வாரம் மூத்தது. பின்கட்டுக் குடிசையில் கிடந்து நாள் முழுக்கக் கத்துகிறது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிறது. கோமுவுக்குக் கூலி தவிடும் குருணையும். அதைத் தின்று எங்கிருந்து அந்தத் தொண்டை வந்ததோ.

கிரேஸின் குரல் நேற்றிலிருந்து கொஞ்சம் கம்மியிருக்கிறது. பனிக்கு என்று நினைக்கிறேன்.

தங்கை,
சாரம்மாள்.


தைப்பிங்,
1913 பிப்ரவரி 15.

அன்பான சாராவுக்கு,

கிரேஸ் நல்ல பெயர். ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். கோபம் தீர்ந்ததா.

குரல் கம்மியதற்குப் பயப்படாதே. பனிதான். மார்பில் துணி சுற்றி வை. மாமி சொல்வது போலச் சுத்தமான சாப்பாடு சாப்பிடு. ஒருமுறை அப்படி ஆனது மறுபடி ஆகும் என்று எண்ணுவது அறிவு அல்ல, பயம்.

இங்கே எனக்குப் புது வேலை. எங்கள் டாக்டர் துரை கோழி வளர்க்கிறார். தின்ன அல்ல, ஆராய. இருபது கோழிகளுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும். வேறொன்றும் கூடாது. தீனி போடுகிறவன் நான். வயிறு நிறையத் தின்கின்றன. மூன்றாவது வாரம் கால் மடிந்து உட்கார்ந்துவிடுகின்றன. கழுத்து பின்னால் வளைந்து, அலகு மேலே நோக்கி நிற்கிறது. இன்று காலை கூண்டுக் கதவைத் திறந்தேன். பதினோரு கோழிகள் வானத்தைப் பார்த்தபடி. ஒன்றும் சத்தம் போடவில்லை. நான் கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளை பெற்றவளுக்கு எழுதுகிற சமாசாரமா இது. மன்னித்துக்கொள்.

மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பதினோராந் தேதிக் கப்பல். ஐந்து வருஷத்துக்குப் பிறகு உன் கையால் மீன்குழம்பு.

அண்ணன்,
பாக்கியசீலன்.


பாளையங்கோட்டை,
1913 பிப்ரவரி 20.

அண்ணனுக்கு,

குரல் போய்விட்டது.

அழுகிறாள். வாய் திறக்கிறது, நாக்கு நடுங்குகிறது, கண்ணீர் வருகிறது, முகம் சிவக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் அறையில் பிள்ளை இருப்பதே தெரியாது. அதனால் நான் கண்ணை மூடுவதில்லை.

அவள் வாயைத் திறக்கிற அதே நேரத்தில் பின்கட்டில் கோமுவின் பிள்ளை கத்துகிறது. இரண்டு மூன்று தடவை பார்த்தேன். இவள் வாய் இங்கே அசைய, அந்தச் சத்தம் அங்கிருந்து வருகிறது. நான் படித்தவள். ஆசிரியை வேலைக்குப் பரீட்சை தேறினவள். இருந்தாலும் நேற்று மாமியிடம் சொன்னேன், அந்தப் பிள்ளையிடம் இருப்பது என் பிள்ளையின் குரல் என்று. மாமி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாள் வந்து பார்த்தார்கள். நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆசீர்வாதத்துக்கு வந்தபோதும் அவர்கள் முகம் இப்படித்தான் இருந்தது.

எனக்கும் பாதம் மரத்திருக்கிறது. பத்தமடைப் பாயில் நடந்தால் பாய் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தரையில் நிற்கிறேன் என்று தெரிந்துகொள்கிறேன்.

மாமி பத்தியத்தை இன்னும் குறைத்தார்கள். இப்போது ரசமும் இல்லை. சோறும் உப்பும்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். அந்தத் துரையைக் கேளுங்கள். கெஞ்சிக் கேளுங்கள். ஆசீர்வாதம் போனது தொண்ணூறாம் நாள். இவளுக்கு இன்றைக்கு அறுபத்திரண்டு.

சாரம்மாள்.


தைப்பிங்,
1913 மார்ச் 3.

சாரா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நின்றபடியே வாசித்தேன். ஓடிப்போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தந்தி நாளைக்கு உன் கையில் இருக்கும். இந்தக் கடிதம் வரும்போது பிள்ளை சத்தமாக அழுதுகொண்டிருப்பாள். அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன். வேறு விதமாக நினைத்தால் எழுத முடியாது.

தந்தியில் சொன்னதை விரிவாகச் சொல்கிறேன். அன்றன்றைக்கு விழுந்த புதுத் தவிடு. சலித்து, வெந்நீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, அந்தத் தண்ணீரைச் சங்கால் பிள்ளைக்குப் புகட்டு. இரண்டு மணிக்கு ஒருமுறை. நீ தவிட்டையே கருப்பட்டியோடு பிசைந்து தின்னு. பருப்பு, கீரை, முட்டை, எல்லாம் தின்னு. வெள்ளை அரிசியைத் தொடாதே.

ஏன் என்று கேட்பாய்.

உடம்புக்கு வேண்டியது ஐந்து என்று எனக்குப் படிப்பித்தார்கள். எரிந்து பலம் தர மாவு. தசை கட்டப் பருப்பும் மீனும் முட்டையும். சேமித்துவைக்கக் கொழுப்பு. எலும்புக்கும் இரத்தத்துக்கும் உப்புகள். எல்லாவற்றையும் கொண்டு சேர்க்கத் தண்ணீர். ஐந்தையும் பரீட்சையில் எழுதித் தேறினேன். இங்கே ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் வருகிறார்கள். பட்டினி கிடந்தவர்கள் அல்ல. வெள்ளைச் சோறும் பன்றிக் கொழுப்பும் வயிறு நிறையத் தின்றவர்கள். கால் மரத்து, தரை எங்கே என்று கேட்கிறார்கள். பிறகு நெஞ்சு வீங்கி ஒரு நொடியில் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் புழுங்கலரிசி தின்கிற நம் ஆட்களுக்கு இது வருவதில்லை.

ஆறாவதாக ஒன்று இருக்கிறது, சாரா. அதை யாரும் பார்த்ததில்லை. தராசில் நிற்காது. சரியான பெயர்கூட இன்னும் இல்லை. நெல்லின் உமிக்குக் கீழே, அரிசியின் மேல்தோலில் இருக்கிறது. நெல்லைப் புழுக்கினால் அரிசிக்குள் இறங்கிக்கொள்ளும். பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். மிச்சம் ஒட்டியிருப்பதை நீங்கள் ஏழு தண்ணீரில் கழுவிவிடுகிறீர்கள். இருக்கும்போது அது இருப்பதே தெரியாது. இல்லாதபோது மட்டும் தெரிகிறது. வானத்தைப் பார்த்துக் கிடந்த கோழிக்குத் தவிட்டைக் கரைத்து ஊற்றினேன். மாலைக்குள் எழுந்து நடந்தது.

மணிலாவிலிருந்து வந்த ஒரு வைத்தியப் பத்திரிகையில் பால்குடிப் பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் மாதம். முதலில் குரல் போகும். தாய் நன்றாக இருப்பது போலவே இருப்பாள். அவள் தின்பதில் அது இல்லையென்றால் பாலிலும் இல்லை. அந்தப் பத்திரிகை ஜனவரியிலேயே வந்தது. நான் வாசித்தேன். உன் நினைவு வரவில்லை. உனக்குப் பனி என்று எழுதினேன்.

ஆசீர்வாதத்துக்கும் இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கடிதத்தை எழுதினவன் நான். அப்போது வேலைக்கு வந்து இரண்டு வருஷம். எல்லாம் தெரியும் என்று இருந்தேன். நீ நம்பினாய். கடையில் மாட்டியிருப்பதைக் கிழித்துப்போடு.

பிள்ளை அழுதவுடன் எனக்கு எழுது.

பாக்கியசீலன்.


பாளையங்கோட்டை,
1913 மார்ச் 8.

அண்ணனுக்கு,

கோழிகளைப் பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. என் பிப்ரவரி இருபதாந் தேதிக் கடிதம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

வீட்டில் என்னமோ நடந்திருக்கிறது. என்னிடம் மறைக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பகல் வாசலில் ஓர் ஆண்குரல். மாமி போய்த் திரும்பினார்கள். உடனே என் அறைக்கு வரவில்லை. கிணற்றடியில் முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அன்றிலிருந்து காலையில் கீர்த்தனை பாடுவதை நிறுத்திவிட்டார்கள். என் தலையை வாரிவிடும்போது வாரின இடத்தையே திரும்பத் திரும்ப வாருகிறார்கள். என்ன மாமி என்று கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, நீ பைய சாப்புடு" என்கிறார்கள்.

நேற்று எதிர்வீட்டுச் சாலோமி அக்காள் வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது. சாகக் கிடக்கிற பிள்ளையை அவள் பார்க்கவே இல்லை, அண்ணா. என்னைத்தான் பார்த்தாள். பிறகு வந்த இரண்டு பெண்களும் அப்படியே.

நான்தான் சாகப்போகிறேனோ. எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதோ.

இன்னொன்று. நேற்று மத்தியானம் கண் அயர்ந்து விழித்தேன். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இல்லை. எழுந்தேன், கால் நிற்கவில்லை. கூப்பிடக் குரல் எழும்புவதற்குள் மாமி பிள்ளையோடு வந்தார்கள். காற்றுக்குக் கொண்டுபோனேன் என்றார்கள். இன்றும் அப்படி. இன்று நாலு வேளை. திரும்பி வரும்போது அவள் என் பாலைக் குடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வாயில் என் வாடை இல்லை. கருப்பட்டியும் புகையும் கலந்த ஏதோ ஒரு வாடை.

எங்கே கொண்டுபோகிறார்கள். எனக்குத் தெரியாமல் என் பிள்ளையை யாரிடம் காட்டுகிறார்கள்.

ஜன்னல் சாத்தியே இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கத்தல் கேட்கிறது.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சாரா.


தைப்பிங்,
1913 மார்ச் 18.

சாரா,

உன் எட்டாந் தேதிக் கடிதம். நாலு தடவை வாசித்தேன். தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாலாந் தேதி செவ்வாய்க்கிழமை. அந்த ஆண்குரல் தந்திச் சேவகனுடையதுதான். வேறு யாராக இருக்க முடியும். தந்தி உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன்னிடம் வரவில்லை.

இப்போது மறுபடி தந்தி கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் அம்பாசமுத்திரம் விலாசத்துக்கு ஒன்று. சரியான விலாசம் தெரியாது. நெல் மண்டி என்று போட்டேன்.

நம் ஊரில் தந்தி வந்தால் என்ன நினைப்பார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இங்கே தினம் பத்துத் தந்தி வரும். மருந்து வந்தது, பெட்டி வந்தது என்று. ஐந்து வருஷத்தில் மறந்துவிட்டேன்.

இன்று உன் பிள்ளைக்கு எண்பத்தெட்டாம் நாள். இந்தக் கடிதம் வருவது தொண்ணூற்றெட்டாம் நாள். யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பாக்கியசீலன்.


பாளையங்கோட்டை,
1913 மார்ச் 22.

அண்ணா,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.

பிள்ளையும் இருக்கிறாள். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பதினாறாந் தேதி காலை தொட்டிலில் ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். கிரேஸ். வாயும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஆனால் பழைய குரல் அல்ல. கனத்த, கரகரத்த குரல். கோமுவின் பிள்ளையின் குரல். சந்தோஷப்பட வேண்டியவள் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

இருபதாந் தேதி தொண்ணூறாம் நாள். பத்தியம் முடிந்து அறையை விட்டு வரலாம். மத்தியானம் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக, சுவரைப் பிடித்தபடி பின்னால் போனேன். பின்கட்டுக் குடிசையில் கோமு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் பிள்ளை, ஒரு பக்கம் என் பிள்ளை. பறைச்சேரிப் பெண் கைத் தண்ணீரைக்கூட வாங்காத என் மாமி அவள் முன்னால் தரையில் குந்தி, என் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

என்னைக் கண்டதும் மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கோமுதான் சொன்னாள்.

"ஒங்க அண்ணாச்சி அக்கரையில செத்துப் போனாவளாம்லா. ஒங்களுக்குச் சொன்னா பாலு வத்திரும்னு பெரியம்மா சொல்லல. சொல்லாட்டாலும் கூடப்பொறந்த சாவு பால்ல எறங்கிரும்லா, அதான் ஏங்கிட்ட கொண்டாந்தாவ."

அண்ணா, அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த ஊரில், எப்போது, யார் சொன்னது என்று கேட்டேன். தந்தி வந்தது என்றார்கள் மாமி. வாசித்தது யார் என்றேன். யாரும் வாசிக்கவில்லை. என்னை விட்டால் இங்கிலீஷ் தெரிந்தவர் சுவிசேஷமுத்து உபதேசியார் ஒருவர்தான். அவரிடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார், என் காதுக்கு எட்டிவிடும். தந்தியில் வேறு என்ன இருக்கும். மாமி அதைப் பிரிக்காமல் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாலோமி அக்காளிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார்கள். அவள் தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

பெட்டியைத் திறக்கவைத்தேன். இரண்டு தந்தி. இரண்டாவது அடக்கம் முடிந்த செய்தி என்று எண்ணியிருக்கிறார்கள். ஒரு கடிதம். செத்தவன் எழுத்து, பிரிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இவருக்கும் தந்தி கொடுத்ததாக இரண்டாவதில் இருந்தது, ஆனால் இவரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து வாசித்தேன். 'பிள்ளைக்குத் தவிட்டுத் தண்ணீர். உனக்குத் தவிடு. வெள்ளை அரிசி நிறுத்து.' பதினாறு நாள் பெட்டிக்குள் இருந்த வார்த்தைகள். சத்தமாகத் தமிழில் சொன்னேன். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்றிலிருந்து தவிடு தின்கிறேன். தொண்டையில் அடைக்கிறது. தின்கிறேன்.

நீங்கள் சாகாததால் பிழைத்தாளா, செத்ததாக நினைத்ததால் பிழைத்தாளா. யோசித்துப் பார்த்தேன். தந்தியை அன்றே பிரித்திருந்தால் தவிட்டுத் தண்ணீர் கொடுத்திருப்போம். பிரிக்காததால் தவிடு தின்றவளுடைய பால் கொடுத்தார்கள். மாமி வேறு எதையோ பயந்து செய்தது சரியாகிவிட்டது. நீங்கள் மூன்று வருஷத்துக்கு முன் நன்றாக யோசித்துச் சொன்னது

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

சாரம்மாள்.


தைப்பிங்,
1913 ஏப்ரல் 2.

என் அன்பான சாராவுக்கு,

உன் கடிதத்தை வார்டில் எல்லாருக்கும் வாசித்தேன். யாருக்கும் தமிழ் தெரியாது. துரை மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பிழைத்தாளா என்றார். தலையாட்டினேன்.

பதினாறு நாள் செத்துக் கிடந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் நான் கோழிகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். என் சாவுக்காக மாமி பட்ட பாட்டுக்கு நன்றி சொல்லு. தெருவுக்கு என்ன சொன்னீர்கள். சாலோமி அக்காள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கோமு உன் பிள்ளைக்கு உயிர் கொடுத்தவள். அவளைச் சும்மா விட்டுவிடக் கூடாது. மாமியிடம் இதை வாசித்துக் காட்டு: வீட்டில் இருப்பதிலேயே நல்லதை அவளுக்குக் கொடுங்கள். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பு.

லீவு கிடைத்துவிட்டது. மே பதினோராந் தேதிக் கப்பல். கிரேஸை அழவைத்துக் கேட்க வேண்டும்.

நீ முடிக்காமல் விட்ட வரியை நான் முடித்துப் படித்துக்கொண்டேன். நேரில் வந்து பேசுகிறேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று கடிதத்தில் கேட்க எனக்கு வாய் இல்லை.

அண்ணன்,
பாக்கியசீலன்.


பாளையங்கோட்டை,
1913 ஏப்ரல் 27, ஞாயிறு.

அண்ணனுக்கு,

இது நீங்கள் கப்பலேறுவதற்கு முன் கிடைக்க வேண்டும். அதற்காக ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

கிரேஸ் எடை போட்டிருக்கிறாள். என் பாலையே குடிக்கிறாள். எனக்குப் பாதத்தில் பாய் தெரிகிறது.

இவர் வந்தார். கிரேஸுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். கடையில் மாட்டியிருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் தந்துவிட்டார். மறுநாள் இயந்திரத்தைத் தளர்த்தி, தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி அரிசி தீட்டினார். வாங்க வந்தவர்கள் மங்கல் அரிசி என்று வேறு மில்லுக்குப் போனார்கள். நாலாம் நாள் மறுபடி இறுக்கிவிட்டார். நான் கேட்டேன். "ஊரு கேக்குத வெள்ளையத்தான சாரா நான் குடுக்க முடியும்" என்றார். வீட்டுக்கு இப்போது புழுங்கல்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இருப்பதிலேயே நல்லதைக் கொடுங்கள் என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். போன வாரம் பின்கட்டுக்குப் போனேன். கோமுவின் குடிசையில் ஒரு மூட்டை. மில்லின் முதல்தர அரிசி. எனக்குப் பத்தியத்துக்குப் போட்ட அதே அரிசி. இனி உனக்குத் தவிடும் குருணையும் வேண்டாம், எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினவள் மாட்டுத் தீனியா தின்பது என்று சொல்லி, கூலியையே அரிசியாக மாற்றியிருக்கிறார்கள் மாமி. தன் கையாலேயே அந்த மூட்டையைக் கொடுத்தபோது மாமி அழுததாகச் சாலோமி அக்காள் சொன்னாள். தவிடு நோய்க்கு மருந்து, வெள்ளை அரிசிதான் சாப்பாடு. மாமிக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது.

ஒன்பது நாளாக மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. கோமு மினுமினுவென்று இருந்தாள். அவள் வாழ்நாளில் அந்த அரிசியைத் தின்றதில்லை.

நான் சொன்னேன். இது வேண்டாம் கோமு, பிள்ளைக்கு ஆகாது, தவிட்டையும் குருணையையுமே தின்னு என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

"நாங்க வெள்ளச் சோறு திங்கக் கூடாதோ? அது ஒங்க வாய்க்கு மட்டுந்தானோ, அம்மா?"

ஐந்து சத்தையும் ஆறாவதையும் அவளுக்கு எப்படிச் சொல்லுவேன். சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தவிட்டில் இருக்கிறது என்றேன். சிரித்தாள். பொழுது விடிந்து பொழுது போனால் தவிட்டைப் புடைக்கிறவள் அவள். அவளுக்குத் தெரியாத எது அதில் இருக்கிறது. குடுத்ததைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மாமியும் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். முந்தாநாள் அவள் பிள்ளை அழும்போது நடுவில் குரல் இரண்டு தரம் உடைந்தது. பனிக்காலம் இல்லை, அண்ணா. சித்திரை வெயில்.

ஓடினேன். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். பானையைத் தொட்டுத் தடுத்தேன். இது நான் சொல்வதல்ல, என் அண்ணன் சொன்னது என்றேன்.

அவள் கை நின்றது. "செத்துப் போனாவளே, அவுகளா?"

அவளுக்கு யாரும் திருத்திச் சொல்லவில்லை. தெருவில் யாருக்குமே சொல்லவில்லை. தந்தியைப் பிரிக்காமல் அழுதேன் என்று சொல்ல மாமிக்கு வெட்கம். சாலோமி அக்காள் இன்னும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

என் கை பானையின் மேலேயே இருந்தது.

"சொப்பனத்துல வந்தாவளா?" என்றாள் பைய.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது.

அவள் உலையை இறக்கினாள். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய் மில் பத்தாயத்தில் கொட்டினாள். திரும்பி வந்து தவிட்டுச் சொளகை எடுத்தாள். "செத்தவுகளுக்கு இதுல என்ன வரப்போவுது, பொய் சொல்ல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள். இரவு அந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்திருந்தாள். நான் அதைக் கண்டும் பேசாமல் வந்துவிட்டேன். உபதேசியாருக்குத் தெரிந்தால் என்னைச் சபையில் குற்றவாளியாக நிறுத்துவார்.

இப்போது மில்லில் புடைக்கிற ஏழு பெண்களும் தவிட்டைக் கொடு என்று கேட்டு வாங்குகிறார்கள். செத்தவர் சொன்னார் என்று. மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள்.

நீங்கள் உயிரோடிருந்து எழுதியதை ஊர் அட்டையில் ஒட்டிப் படித்தது. ஆசீர்வாதம் போனான். அவனுக்கும் இதுதான் என்று நீங்கள் எழுதியதை நான் மாமியிடமும் இவரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. உங்கள் மார்ச் மூன்றாந் தேதிக் கடிதத்தை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்காமல் கேட்டீர்கள். எனக்கு அந்தச் சொல் இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

லீவை ரத்து செய்துவிடுங்கள். மே மாதம் வர வேண்டாம். அடுத்த வருஷமும் வேண்டாம். கோமுவின் பிள்ளை பால் மறக்கட்டும், மற்றவர்களும் பெற்று வளர்க்கட்டும். தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன், உங்கள் கடிதங்களை என் கையில் மட்டும் தருவார். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, எழுதிக்கொண்டிருங்கள். இங்கே ஏழு பெண்கள் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். நீங்கள் வந்து வாசலில் நின்றால் கேட்கமாட்டார்கள்.

தங்கை,
சாரம்மாள்.